நூற்றியெட்டாம் நிலை

ஆனி நாலு. தென்காசி.
நேற்று யாருக்கோ கல்யாணம் முடிந்த மண்டபம்.
வாசல் வாழையை இன்னும் அவிழ்க்கவில்லை.
மணவறை இருந்த மேடையில்
இரண்டு நாற்காலி, ஒரு பலகை, ஒரு கடிகாரம்.
நான் நடுவர். பேசாமல் இருப்பது என் வேலை.

எவர்சில்வர் வாளிக்குள் தொள்ளாயிரத்து அறுபது வில்லைகள்.
செஸ் தெரியாத ஆள் எடுக்கட்டும் என்றேன்.
சமையல்கட்டிலிருந்து கையைத் துடைத்தபடி வந்த உலகம்மாள்
துழாவி ஒன்றை எடுத்து வாசித்தாள்: நூற்றியெட்டு.
"ஆம்புலன்சா வே?" என்றது பின்வரிசை.
சிரிப்பு அடங்க ஒரு நிமிடம் ஆயிற்று.

ராணி மூலையில். ஒட்டி ஒரு பிஷப்.
குதிரை, யானை, மறுபடி குதிரை,
ஆறாம் கட்டத்தில் ராஜா,
அப்புறம் பிஷப், யானை.
குரூப் போட்டோவுக்கு அவசரமாக நிறுத்திய
சம்பந்தி வீட்டார் மாதிரி
பக்கத்தில் நிற்பது யாரென்றே தெரியாத எட்டுப் பேர்.

பதினைந்து நிமிடம் பார்த்துக்கொள்ளலாம் என்பது விதி.
கடையநல்லூர் நஸ்ரீன் பானு கண் சிமிட்டியதாக நினைவில்லை.
ஆர்மேனியாவின் ஹிராந்த் ஒன்றே ஒன்று கேட்டான்:
ஃபேனை நிறுத்த முடியுமா?
நிறுத்தித்தான் இருக்கிறது என்றேன்.
இது ஆரியங்காவுக் கணவாய். இதற்கு சுவிட்ச் இல்லை.

இருபது வருடம் மனப்பாடம் செய்த ஓப்பனிங் எல்லாம்
இருவர் சட்டைப்பையிலும்
பழைய வாடகை வீட்டுச் சாவியாய்க் கிடந்தன.

முதல் நகர்வில் நஸ்ரீன்
ராணிக்கு முன்னால் குறுக்கே நின்ற சிப்பாயை
இரண்டு கட்டம் தள்ளிவிட்டாள்.
மூலைக்கு மூலை ஒரு சாலை திறந்தது.
நாலாம் நகர்வுக்கு நாற்பத்தோரு நிமிடம்.
சாரல் வந்து ஜன்னலை நனைத்துவிட்டுப் போனது,
மறுபடி வந்தது,
அவள் கை மேஜைக்கு வரவில்லை.

பதினாலில் ராஜாவை எடுத்தாள்,
யானையைத் தாண்டி மூன்றாம் கட்டத்தில் வைத்தாள்.
யானை நின்ற இடத்திலேயே நின்றது.
ஹிராந்த் கையுயர்த்தி என்னைப் பார்த்தான்.
"கோட்டைதான். சரி," என்றேன்.
வெளியே திரைக்கு முன்னால் பந்தல்காரர்கள்:
"யானை மேல ஏறிக் குதிச்சா போவாரு ராஜா?"
"ஏன், ஒங்க மாப்ள காரு மேல ஏறி வரலியா?"

தன் ராணிக்கு அவள் திறந்த சாலையில்தான்
அவன் படை வந்தது.
இருபத்துமூன்றில் குதிரையைக் கொடுத்தான், சும்மா.
இரண்டு சிப்பாய் வாங்கிக்கொண்டு,
ராஜாவின் வாசலில் வந்து நின்றான்.
தாளைக் காற்று தூக்கியது.
வெட்டிய அந்தக் குதிரையையே பாரமாக வைத்து
நஸ்ரீன் எழுதினாள்.
எழுத்து மட்டும் நேராக இல்லை.

நாற்பதாம் நகர்வில் இருவருக்கும் மிச்சம் நொடிகள்.
ராணிகள் போயின. பிஷப்புகள் போயின.
அவன் கொடுத்ததை அவள் திருப்பிக் கொடுத்துத் தப்பினாள்.
சமையல்கட்டில் ரசம் கொதித்தது,
பெருங்காய வாசனை மேடைவரை வந்து திரும்பியது.

அறுபது நகர்வு அசையாத யானை
அறுபத்தொன்றில் கிளம்பியது.
நேர்கோட்டில் ஆறு கட்டம், அவன் சிப்பாய்களின் வரிசைக்குள்.
அன்று முதல்தடவையாக
ஹிராந்த் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான்.
வெளியே ஒரு விசில்.

ஆனால் ஒரு கட்டம். ஒரே ஒரு கட்டம் பிந்தினாள்.
யானைகளும் போய், மிஞ்சியது அவளுடைய ஒரு சிப்பாய்,
அதுவும் ஓரக்கோட்டில்.
அவன் ராஜா நடந்து போய்
காலையில் தன் ராணி நின்ற மூலையிலேயே உட்கார்ந்துகொண்டது.
இனி யாராலும் எழுப்ப முடியாது.
தொண்ணூற்றேழு. அரை, அரை என்று எழுதினேன்.

கைகுலுக்கிவிட்டு இருவரும் எழுந்திருக்கவில்லை.
காய்களைப் பொறுக்கி மறுபடி அடுக்கினார்கள்,
ராணி மூலையில், ஒட்டி ஒரு பிஷப்.
நஸ்ரீன் நாலாம் நகர்வில் விரல் வைத்தாள்.
ஹிராந்த் தலையாட்டினான், இல்லை,
வேறொரு சிப்பாயைத் தொட்டான்.
இரண்டு கைகள் பலகைக்கு மேல் முட்டிக்கொண்டன.

சாப்பாடு ஆறுகிறது என்று உலகம்மாள் இரண்டு தடவை வந்து போனாள்.
நாளைய ஆட்டத்துக்கு வாளியைக் குலுக்கி மூடினேன்.
நூற்றியெட்டை உள்ளே திரும்பப் போடவா வேண்டாமா என்று
விதிப்புத்தகம் ஒன்றும் சொல்லவில்லை.
நான் கேட்டது
அவர்கள் இருவர் காதிலும் விழவில்லை.