தக்க சான்றுடன் விளக்குக

கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி. இரவுப் பணி.
பதினாறு கட்டங்களாய்ப் பிரிந்த திரைக்கு முன்
அஞ்சல்வழிப் பாடநூலை விரித்து வைத்திருக்கிறேன்.
மூன்றாம் தாள்: புனைவும் திரையும்.
'கதை என்பது நடந்தது.
கதைப்பின்னல், அதைச் சொல்லும் வரிசை.'
அடிக்கோடு போட்டேன்.
லாரி ஆபீஸ் இனாமாய்க் கொடுத்த பேனா,
மை திட்டுத்திட்டாய் இறங்கும்.

என் கேமராக்களுக்கு அண்மைக் காட்சி தெரியாது.
யார் அழுதாலும் அதே இருபதடி உயரம்.
ஒலியும் கிடையாது.
ஓட்டுநர் வாயசைத்தால்
தெலுங்கா கன்னடமா உருதா,
வசவா, சில்லறை இல்லையென்கிற கெஞ்சலா,
வசனம் நான்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.
பின்னணி இசைக்கு ஒரு மேசை மின்விசிறி.

வைகாசி. மாங்காய் லோடு.
விடியுமுன் கூழ் ஃபேக்டரிக்குச் சேரவேண்டிய
பெங்களூரா வண்டிகள்
ஒன்றன் வாலை ஒன்று முகர்ந்து நிற்கின்றன.

ஆறாம் கேமரா, 2:03.
கிரேட்டுகளின் மேலிருந்து ஒருவன் குதித்து இறங்குகிறான்.
2:05. ஒரு காயைத் தொடையில் துடைத்துக் கடிக்கிறான்.
யாரிடமோ சிரிக்கிறான், சட்டகத்துக்கு வெளியே.
யாரிடம் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.
2:09. கயிறு தளர்ந்து மேல் கிரேட்டு சரிகிறது.
2:11. ஓட்டுநர் கதவைத் திறந்து கையை நீட்டுகிறான்,
அங்கே, அங்கே.
2:13. இவன் பார்க்கிறான்,
அடுத்த தடத்துக்கு உருண்டுவிட்ட காய்களை.
கையிலிருந்த பாதியைச் சட்டைப்பையில் போடுகிறான்.
2:14.

மாதேஷ், தந்தை பெயர் திம்மராயன்,
வேப்பனப்பள்ளிப் பக்கம்.
இதெல்லாம் பிறகு காகிதத்தில் வந்தது.

காப்பீட்டுக் கம்பெனி ஆள் மடிப்புக் கலையாமல் வந்தார்.
'2:14லேர்ந்து நாப்பது செகண்ட் போதும்மா.'
போதும்தான்.
கிரானைட் லாரிக்கு முன்னால் ஒருவன் ஓடுகிறான்.
ஏன் என்று அதில் இல்லை.
குடிச்சிருப்பான் என்று
பார்க்கிறவர் மனசே நிரப்பிக்கொள்ளும்.
ஒரு சட்டகம்கூடப் பொய் கிடையாது.
நூலில் எழுபத்திரண்டாம் பக்கம் சொல்லியிருந்தது:
வெட்டுமிடத்தில்தான் பொருள் பிறக்கிறது.
பிறப்பைப் பற்றி மட்டும் சொல்லியிருந்தது.

முப்பது நாளானால் இயந்திரம்
தன் நினைவின் மேலேயே புதிதாய் எழுதிக்கொள்ளும்.
இருபத்தொன்பதாம் இரவு
முழு நீளத்தையும் ஒரு பென்டிரைவில் இறக்கினேன்.
யாரும் கேட்கவில்லை, எனக்கு அதிகாரமும் இல்லை.
டிபன் டப்பாவில் ஊறுகாய்க் கிண்ணத்துக்கு அடியில்
வீட்டுக்கு வந்தது.

பயிற்சித்தாளில் வந்த வினா:
கதைக்கும் கதைப்பின்னலுக்குமுள்ள வேறுபாட்டைத்
தக்க சான்றுடன் விளக்குக. பத்து மதிப்பெண்.
பெயரை மாற்றி அவனையே எழுதினேன்.
முதலில் நாற்பது விநாடி. பிறகு பதினோரு நிமிடம்.
நான்கு போட்டுத் திருப்பியிருந்தார்கள்.
ஓரத்தில் சிவப்பு மையில்:
'சான்று பாடத்திலிருந்து இல்லை.'

கெம்பம்மா பகலில் வந்தாள்.
வக்கீல் குமாஸ்தா அனுப்பினாராம்.
நாற்காலி நுனியில் உட்கார்ந்து
திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டாள்.
'பாக்க மாட்டேன். நீ பாத்தியாமே, சொல்லு.'

எங்கே தொடங்குவது?
2:03லிருந்து தொடங்கினேன்.
குதித்ததைச் சொன்னேன், காயைத் துடைத்ததைச் சொன்னேன்.
'தொடைக்காம எதையும் வாயில வெக்காது அது' என்றாள்.
சிரித்ததைச் சொன்னேன்.
யாரிடம் என்று கேட்டாள்.
தெரியலை என்றபோது
அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டதுபோல்
கொஞ்ச நேரம் தலையாட்டினாள்.
கயிறு, கிரேட்டு, நீட்டிய கை.
பாதிக் காயைப் பைக்குள் போட்டார் என்று சொல்லி
நிறுத்திக்கொண்டேன்.

நானும் வெட்டினேன்,
கம்பெனிக்காரர் தொடங்கிய அதே இடத்தில்.

'அப்புறம்?'

பென்டிரைவை அவள் பக்கம் நகர்த்தினேன்.
முந்தானையில் முடிந்துகொண்டாள்.
'இது கோர்ட்டுக்கு' என்றாள்.
'எனக்கு நீ சொல்லு.'