கழிவு

வேலந்தாவளம் சந்தையில்
விடியும் முன்பே தக்காளி ஏலம்.
ஒரு விலையைத் தமிழில் கூவி
அடுத்ததை மலையாளத்தில் ஏற்றுவார்கள்.
அம்மா ஏலம் முடிந்த தரையைக் கூட்டுவாள்.

எங்கேயும் எழுதாத சட்டம் ஒன்று அங்கே உண்டு:
பெட்டியில் இருப்பது வியாபாரிக்கு,
தரையில் கிடப்பது பொறுக்குகிற பிள்ளைக்கு.
அம்மா அதோடு ஒரு வரி சேர்த்திருந்தாள்:
விழுந்ததை எடு. விழ வைக்காதே.

எனக்கு ஒன்பது வயது.
தம்பி குப்புராசுக்கு மூன்று நாளாய்க் காய்ச்சல்,
வாய்க்குப் புளிப்பாய் ஏதாவது கேட்டான்.
மழை பொய்த்த வருஷம், விலை ஏறிக் கிடந்தது.
விலை ஏறினால் யார் கையும் நழுவாது.
அன்று தரையில் கிடைத்தது இரண்டு,
இரண்டிலும் புழு.

அடுக்கின் ஓரமாய் நின்றேன்.
கையால் இல்லை, முழங்காலால்.
கை பட்டால்தான் திருட்டு என்று
எனக்குள் யாரோ பிரித்துச் சொன்னார்கள்.
கால் வலிக்கிறவள்போலக் கொஞ்சம் சாய்ந்தேன்.
மூன்று விழுந்தன.
ஒன்று உடைந்தது. அதையும் எடுத்தேன்.

அம்மா மடியில் கொட்டி எண்ணினாள். ஐந்து.
மற்றப் பிள்ளைகளிடம் இரண்டு, ஒன்று.
என் முகத்தைப் பார்க்கவில்லை,
பாவாடையைப் பார்த்தாள்.
முழங்கால் இருக்கும் இடத்தில்
பெட்டியின் ஈரமண்.

ரசம் வைத்தாள்.
தம்பிக்கு ஊதி ஊதிக் கொடுத்தாள்.
எனக்கு இரண்டு கரண்டி.
"நீ?" என்றேன்.
"பசிக்கல."

அது எனக்கான தண்டனையா,
எல்லா ராத்திரியும் சொல்வதுதானா,
இருபத்தெட்டு வருஷமாய்த் தெரியவில்லை.
சோறு இருக்கிற வீட்டில்
ஒருத்தி சாப்பிடாமல் படுத்தால்
கோபம் என்று விளங்கிவிடும்.
எங்கள் வீட்டில்
கோபத்துக்கென்று தனியாய் ஒரு பட்டினி கிடையாது.

இப்போது அதே சந்தையில்
ஹம்சாக்கா மண்டியில் கணக்கு எழுதுகிறேன்.
மின்விசிறிக்குக் கீழே நாற்காலி.
பெட்டிக்கு ஒரு கிலோ கழிவு.
அழுகல், ஈரம், காம்பு என்று அதற்குப் பெயர்கள்.
கொண்டுவந்தவர் முனகினால்
"எல்லா மண்டியிலும் இதேதானுங்க" என்பேன்.
நாளைக்கு நானூறு பெட்டி.
பேனாவால்தான் கழிக்கிறேன்,
முழங்கால் அசைவதே இல்லை.
ராத்திரி நன்றாகத் தூக்கமும் வருகிறது.
அதை மறைத்தால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை.

நேற்று, ஓணத்துக்கு முந்தின ஏலம்.
அடுக்கோரம் ஒரு பையன்.
பள்ளிக்கூட டிராயர், பட்டன் இல்லாத சட்டை.
லாரியை வேடிக்கை பார்க்கும் முகம்.
முழங்கால் மட்டும் வேலையில் இருந்தது.
அந்தப் பக்கம் இல்லடா, மூலைப் பக்கம்,
இன்னும் கொஞ்சம் சாய் என்று
மனசுக்குள் சொல்லிக்கொடுத்துக்கொண்டே
வாயால் கத்திவிட்டேன்:
"டேய், கள்ளா!"

இரண்டு பாஷைக்கும் பொதுவான சொல்.
சந்தையே திரும்பியது.
சுமட்டுக்காரர் ஒருவர் பிடரியைப் பிடித்தார்.
"விழுந்ததுதான்க்கா" என்றான்
நேராக என்னைப் பார்த்து.
ஹம்சாக்காவும் என்னைத்தான் பார்த்தார்.
நான் பேரேட்டைப் பார்த்தேன்.

அவனிடம் பிடுங்கிய மூன்றையும்
திரும்பப் பெட்டியில் போட்டார்கள்.
முள் முந்நூறு கிராம் ஏறியது.
அதுவும் கழிவில் போய்விட்டது.

வீட்டில் ரசத்தை இறக்கி வைத்தேன்.
மகள் தட்டோடு உட்கார்ந்தாள்.
"நீ சாப்பிடலயாம்மா?"
"பசிக்கல."

அவள் அதை அப்படியே நம்பினாள்.
இன்னொரு கரண்டி கேட்டாள்.