சிவப்பு மிதவைக்கு இந்தப் பக்கம்

காட்டுப்பள்ளிக்கு வெளியே நங்கூரமிட்டிருக்கும் கப்பல்
விமானம் சுமக்கும் கப்பல்.
இன்னும் ஒரு விமானமும் அதில் ஏறவில்லை.
அதன் மூக்கிலிருந்து ஒரு காந்தம்
சக்கரம் வைத்த இரும்புத் தொட்டிகளைக் கடலில் எறியும்.
விமானத்தின் எடை, விமானத்தின் வேகம்,
றெக்கை மட்டும் கிடையாது.
விழுந்ததைக் கயிறு போட்டு இழுத்து வருவது என் வேலை.
தேசப்பன், நெட்டுக்குப்பம், ஃபைபர் போட்டு, பத்து குதிரை எஞ்சின்.

எருமை என்போம் அதை, நானும் இருசப்பனும்.
முதுகு மட்டும் தெரிய மிதக்கும்,
கொக்கியைப் பிடித்தால் முரண்டும்.

சிவப்பு மிதவையைத் தாண்டி விழுந்தால் இரண்டாயிரம்.
இந்தப் பக்கம் விழுந்தால் டீசல் காசு.
எறியவே இல்லையென்றால்
ஸ்டாண்ட்பை என்றொரு வார்த்தை தருவார்கள்.
மளிகைக் கடையில் அது செல்லாது.

முதல் மாதம் எறியவே இல்லை.
ஆக்னஸ் மேடம் வாக்கியில் பத்திலிருந்து எண்ணுவார்,
மூன்றில் நிற்பார்.
மறுபடி பத்து. மறுபடி மூன்று.
மூன்று ஒரு ஸ்டாப்பிங் ஆகிவிட்டது,
எல்லா பஸ்ஸும் அங்கேயே பிரேக்டவுன்.

பழைய கப்பல்களில் நீராவி தள்ளுமாம்.
கொதிக்கும், கசியும், கத்தும்,
ஆனால் தள்ளும்.
இது சத்தமே போடாது,
வேலை செய்தாலும், செய்யாவிட்டாலும்.
எங்கேம்மா கோளாறு என்றேன்.
"புதுசுண்ணா. அதுக்கே தெரியல" என்றார்.

பிறகு எறிந்தது.
எறிந்தது என்றால், மனசு வந்த நாளில்.

தூரம் அளக்கும் கருவியும் புதுசு.
எண்ணூர் உப்புக் காற்றும் அனல்மின் சாம்பலும்
ஒரு வாரம் தடவிக் கொடுத்ததில்
அதற்குக் கண் போயிற்று.
"நீங்களே குறிச்சு வைங்கண்ணா."
ஐஸ் கம்பெனி கொடுத்த டைரி இருந்தது,
காதில் பென்சில் இருந்தது.

அந்த வாரம் பதினொன்று.
எட்டு தாண்டியது.
மூன்று,
மூக்குக்கு நேர் கீழே, தொப்.
மேல்தளத்தில் நிற்பவர்களுக்கு அந்த இடம் தெரியாது,
கப்பலே மறைத்துவிடும்.
பார்த்தது நானும் இருசப்பனும் அலையும்.

காசிமேட்டில் மெக்கானிக் ஜிலானிக்கு
ஐந்தாயிரத்து எண்ணூறு பாக்கி.
மூன்று எருமைக்கு ஆறாயிரம்.
பதினொன்றும் தாண்டியது என்று எழுதினேன்.
மீதி இருநூறில் இருசப்பன் கொத்துபரோட்டா தின்றான்.

டைரியைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.
பத்து நாள் கழித்து டெல்லியிலிருந்து வந்தவர்
என் கையைக் குலுக்கினார், மீன் வாசத்தோடு.
திரையில் காட்டினார்:
என் பென்சில்
பச்சைக் கோடாக மேலே ஏறிக்கொண்டிருந்தது.
என் கையெழுத்தைவிட அழகாக.

விமானி வந்திருந்தான் ஜெட்டிக்கு.
இருபத்தெட்டு வயது இருக்கும், பாலக்காட்டுப் பையன்,
ஹெல்மெட்டைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொண்டு
என் பக்கத்தில் நின்று டீ குடித்தான்.
"நல்லா எறியுதா சேட்டா?"
எறியுது தம்பி, என்றேன்.
பன்னு தொண்டையில் நின்றது.

ராத்திரி ஆக்னஸ் மேடத்துக்குப் போன் போட்டேன்.
மூன்றாவது ரிங்கில் நானே வைத்துவிட்டேன்.
அவரும் திரும்பக் கூப்பிடவில்லை.

இன்று காலை
கப்பல் நங்கூரம் தூக்கிக் காற்றைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது.
தொட்டி இல்லை, றெக்கை வைத்தது.
எனக்குக் கொடுத்த இடம்
சிவப்பு மிதவைக்கு அப்பால், கிழக்கே அரை மைல்.
நான் அங்கே இல்லை.
மூக்குக்குக் கீழே, ஓரமாக, எஞ்சினை அணைக்காமல் கிடக்கிறேன்.
மேலே நிற்பவர்களுக்குத் தெரியாது, அதுதான் சொன்னேனே.
இருசப்பன் எதுவும் கேட்கவில்லை.
சட்டையைக் கழற்றி அணியத்தில் வைத்துவிட்டு
கயிற்றைப் பிரிக்கிறான்.

வாக்கியில் ஆக்னஸ் மேடம் எண்ணுகிறார்.
ஆறு.
ஐந்து.
நான்கு.
மூன்று.

நில்லும்மா.

இரண்டு.