அறுபதாயிரம் மைல்

மார்லிஸுக்கு எலுமிச்சை
மரத்தில் தொங்குவதைப் பார்க்க வேண்டும்.
கடையின் வலைப்பையில் அல்ல,
கிளையில், இலையோடு, வெயிலில்.
துலூத் நகரில் ஐம்பத்தாறு குளிர்காலம் கண்டவள்
சிசிலி என்று சொல்லும்போதே
வாயில் புளிப்பு ஊறுவது எனக்குத் தெரியும்.

அதனால் அவளுக்குப் பயண அட்டை.
ஆண்டுக்குத் தொண்ணூற்றைந்து டாலர் கட்டணம்.
மூன்று மாதத்தில் நாலாயிரம் செலவழித்தால்
அறுபதாயிரம் மைல்.

எனக்கு ரொக்கம் திரும்பும் அட்டை.
நூறு போனால் இரண்டு வரும்.
நான் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன்.
தள்ளிய பனி இரவோடு இரவாக வந்துவிடும்.
திரும்பி வருவதில் எனக்கு நம்பிக்கை உண்டு.

"இரண்டு டாலரில் எங்கே போவாய்?" என்றாள்.
"வீட்டுக்கு" என்றேன்.

சாப்பாட்டு மேசையில் வாராவாரம் கணக்கு.
பன்றி இறைச்சி ஒரு ராத்தல், ஆறு மைல்.
டீசல், எழுபது.
போல்காவின் தீனி மூட்டை, நாற்பத்தெட்டு.
மாதாமாதம் இந்த நாய்தான்
நம்மை ஊர் எல்லை தாண்டவைக்கிறது என்று சிரிப்பாள்.

பதினோராம் வாரத்தில் ஆயிரத்து முந்நூற்றுப் பத்து.
பள்ளிக்கூடச் சமையலறையில் தட்டுக் கழுவுகிறவளுக்கு
இனி எதைத்தான் வாங்குவது?
புது அடுப்பு வாங்கலாமா என்றாள்.
பழைய அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை போல்கா
என் கம்பளிக் காலுறையை விழுங்கியது.

இரவு இரண்டு மணி, கால்நடை மருத்துவமனை.
கண்ணாடிக்கு அப்பாலிருந்த பெண்
இரண்டாயிரத்து எண்ணூற்று எழுபது என்றாள்.
எந்த அட்டையில்?

ஐம்பத்தேழு டாலர் நாற்பது சென்ட்.
தலைக்குள் கணக்குத் தானாக ஓடியது.
ஓடியதை மறைக்கப் போவதில்லை.
மார்லிஸ் குனிந்து பார்க்காமல் நீட்டினாள்.
நீட்டியது அவளுடையதாக இருந்தது.
தற்செயல்தான். நான் கேட்கவில்லை.

போல்கா செவ்வாய் வரை இருந்தது.

வியாழனன்று மின்னஞ்சல்:
வாழ்த்துகள், உங்கள் மைல்கள் சேர்ந்துவிட்டன.
ஏரிக்கரை தாண்டி அறியாத நாய்
கடல் தாண்ட வாங்கிக் கொடுத்துவிட்டது.

நாய் விற்ற காசு குரைக்காது என்பார்கள்.
காசு குரைக்காதுதான்.
மைல் அப்படியில்லை.
ராத்திரியில் மார்லிஸ் கணினியைத் திறந்து
கட்டானியாவுக்கு இருக்கை தேடுகிறாள்,
ஜன்னலோரம் ஒன்று, பக்கத்தில் ஒன்று.
பெயர் கேட்கும் இடத்தில்
மூடிவிடுகிறாள்.

மறு பிப்ரவரியில் தொண்ணூற்றைந்து கேட்டுக் கடிதம் வந்தது.
என் அட்டை ஓராண்டாகச் சேர்த்திருந்தது
நூற்றுப் பதினெட்டு.
அதிலிருந்து கட்டினேன், அவளிடம் சொல்லாமல்.
மிச்சத்தில் ஒரு வலைப்பை எலுமிச்சை.

பையைப் பிரித்தபோது ஒன்று நழுவி
கதவு வரை உருண்டோடியது.
இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.
அதைத் துரத்தி ஓட
யாரும் எழுந்து வரவில்லை.