இன்னும் மென்மையாக

ஈப்போ சாலையில் பழைய கடைவீடு, மூன்றாம் மாடி.
சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய அறை.
ஏர்கோனை அணைத்துவிட்டார்கள், இரைச்சல் பதிவாகுமாம்.
மணிக்கு எண்பது ரிங்கிட்.
இன்றைய பட்டியலில் எனக்கு
நாற்பத்திரண்டு சாவுகள்.

அம்பு பட்டு ஆறு.
தீயில் ஐந்து.
உயரத்திலிருந்து விழுந்து, சிறியதும் பெரியதுமாக, ஒன்பது.
நீரில் மூழ்கி மூன்று; அதற்கென்று
ஒரு குவளைத் தண்ணீர் தந்தார்கள்.

எனக்கு முன்னால் கமாருல் செத்துவிட்டுப் போனான்.
காட்டுப்பன்றியை லாரி அடித்ததுபோல் செத்தான்.
கண்ணாடிக்கு அப்பால் கைதட்டல்.
கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே
எனக்காகக் கதவைத் திறந்து பிடித்தான்.

திரையில் அவளைக் காட்டினார்கள்.
பெயர் கிடையாது. வீரர், பெண், இரண்டு.
கமாருலின் ஆளுக்குக் கழுத்திலிருந்து கணுக்கால்வரை இரும்பு.
இவளுக்கும் அதே இரும்பு, தற்காப்புக்கு அதே எண்,
மார்பில் மட்டும் ஒரு சாண் திறந்திருந்தது.
விழுப்புண் என்றொரு சொல் வைத்திருக்கிறோமே,
அதற்கு வசதியாக இருக்கட்டும் என்று
நினைத்திருப்பார்கள் போல.

முதல் அம்பு. செத்தேன்.
காதுக்குள் சூன் கியாட்டின் குரல், மிகப் பணிவாக:
"நன்றாக இருக்கிறது. இன்னும் கொஞ்சம் மென்மையாகச் சாக முடியுமா?"
மறுபடி செத்தேன்.
"மூச்சு அதிகமாக, வலி குறைவாக."
மறுபடி.
"கடைசியில் உதடு லேசாகத் திறந்திருப்பதுபோல."
எட்டாவது தடவையில் எனக்குத் தெரிந்துவிட்டது,
இது அம்பு இல்லை.

போன தீபாவளிக்கு மறுவாரம்
பழைய கிள்ளான் சாலையில், மழையில்,
கொரியர் வேன் ஒன்று என் மோட்டாரை ஓரம் தள்ளியது.
தோள் எலும்பு இரண்டாக.
அப்போது ஒரு சத்தம் கேட்டது,
தகரத்தைச் சிமெண்டில் இழுப்பதுபோல்.
யாருக்கோ பலமாக அடிபட்டிருக்கிறது என்று
திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.
நான்தான்.
அதன் பின்னால் ஒரு கெட்ட வார்த்தையும் வந்தது,
லாரி ஓட்டிய என் அப்பா
எனக்குத் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்த வார்த்தை.

ஆறாவது அம்புக்கு
அந்தச் சத்தத்தை எடுத்துக் கொடுத்தேன்,
வார்த்தையைக் கழித்துக்கொண்டு.
ஊசி சிவப்புக்குப் போய்த் திரும்பியது.
சூன் கியாட் ஹெட்போனைக் கழற்றிக் காதைத் தேய்த்தான்.
"அவள் அப்படிச் சாகமாட்டாள்" என்றான்.
கோபமில்லை.
அவளை ரொம்ப நாளாகத் தெரிந்தவன்போல.

மீதி முப்பத்தாறையும் கேட்டபடியே செத்தேன்.
மெத்தையில் சாய்வதுபோல ஒரு தீ.
கொட்டாவிபோல ஒரு பள்ளத்தாக்கு.
காசை வாங்கிக்கொண்டு கீழே இறங்கி
மைலோ ஐஸ் குடித்தேன், விழுங்க முடியவில்லை.
மென்மைக்குத்தான் தொண்டை அதிகம் கிழிகிறது.

ஏழு மாதம் கழித்து, செந்தூல் மாமாக் கடை.
ரொட்டி சானாய் விரலை டிஷ்யூவில் துடைத்துவிட்டு
தங்கை மகன் திவ்யேஷ் கைப்பேசியை நீட்டினான்.
"பெரிம்மா, இதுல நீங்க இருக்கீங்களாமே."
இருந்தேன். அம்பு பட்டது.
ஆ என்றாள், காப்பி நன்றாயிருக்கிறது என்பதுபோல.
பக்கத்து மேசைப் பையன்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.
நான் பருப்புக் குழம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவன் ஒரு குகைக்குள் போனான்.
"இங்கதான் பெரிம்மா பெரிய பாஸ். எங்க வகுப்புல யாராலயும் முடியல."
இருட்டில் என்னவோ அசைந்தது. செதில், கொம்பு, ஆறு கண்.
அது வாயைத் திறந்தது.

தகரம். சிமெண்ட். மழை.

வீசி எறியவில்லை அவர்கள்.
பொருத்தமான ஆளாகப் பார்த்துக்
கொடுத்திருக்கிறார்கள்.

"பயமா இருக்குல்ல?" என்றான் திவ்யேஷ்.
கொடு என்று வாங்கினேன்.
வாளுக்கு ஒரு பொத்தான், கேடயத்துக்கு ஒரு பொத்தான்.
இரண்டையும் தொடாமல்
கைப்பேசியைத் தண்ணீர்க் குவளைமேல் சாய்த்து நிறுத்தி
ஒலியை முழுதாகக் கூட்டினேன்.