மறுகா

செவ்வாய்க்கிழமை.
முறக்கொட்டாஞ்சேனை, வாசல் மணலில் பத்தொன்பது சோடி செருப்பு.
அதில் ஒரு சோடி இரண்டும் இடக்கால்.
ரயில் வருமட்டும் கதை நேரம்.

நரிக்குத் தடித்த குரல், நண்டுக்கு நூல் குரல்.
இரண்டு பேரும் என் தொண்டையில்தான் வாடகைக்கு இருக்கிறார்கள்.
மூச்சு வாங்க விடமாட்டார்கள் பிள்ளைகள்.
"மறுகா டீச்சர்?"
நண்டு வளைக்குள்ள ஓடிட்டு.
"மறுகா?"
நரி வளை வாசல்ல குந்திட்டு இருந்திச்சு.
"அப்ப நண்டுக்குப் பசிக்காதா?"
யதுர்ணா கேட்டாள்.
பயிற்சியில் தந்த புத்தகத்தில் இதற்கு விடை இல்லை.
நல்லவேளை ரயில் வந்தது.
கதையை என் மடியில் போட்டுவிட்டு
ஜன்னலுக்கு ஓடினார்கள், கை காட்ட.

பிறகு கைவேலை.
பால்மாப் பெட்டி இப்போது மூன்று பேருக்கு ஒன்றுதான்.
சோடா மூடி நாலு, ஈர்க்குத் துண்டு இரண்டு,
பஸ் ஆகிவிட்டது, கொழும்புக்கே போகும்.
கேதுசன் விரலில் பசையைக் காயவைத்து
மெதுவாக உரித்துக் காட்டினான்:
"பாம்பு சட்டை கழட்டிட்டு."
மோனிஷ்கா மட்டும் சில்லு ஒட்டவில்லை.
பெட்டியில் நூல் கட்டித் தோளில் கொழுவிக்கொண்டாள்.
இது என்ன பிள்ளை?
"பேக்."
சரி, பேக்.

பத்தரைக்கு வீட்டு விளையாட்டு.
இரண்டு கதிரை, நடுவில் தொங்கும் பாய்: அதுதான் வீடு.
சிரட்டையில் மணல் சோறு, பூவரசம் இலையில் மீன்.
கேதுசன் அடுப்பு ஊதினான்,
இல்லாத புகைக்குக் கண்ணைக் கசக்கினான்.

அப்போது மோனிஷ்கா வந்தாள்.
தலையில் தண்ணீர் வாளி கவிழ்த்து, ஹெல்மெட்.
வாயாலேயே மோட்டார் சைக்கிளை நிறுத்தி
ஸ்டாண்ட் போட்டு
பேக்கைத் திறந்து ஒரு துண்டை எடுத்தாள்.
"கிழமைக் காசு."

ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.
அடுப்பு அணைந்தது.
பாய்க்குப் பின்னால் ஆறு பேர், ஒரு மூச்சு.
எல்லோரிலும் சின்னவன் டிவோஷன்
வெளியே வந்து கை கட்டி நின்றான்.
"அம்மா வீட்ட இல்ல."
"எங்க போன?"
"வயலுக்கு."
"எப்ப வருவா?"
அவன் கிறுகி பாயைப் பார்த்துக் கேட்டான்:
"அம்மா, எப்ப வருவீங்க?"

பாய் குலுங்கிச் சிரித்தது.

என் மேசையில் அவதானிப்புப் பதிவேடு.
பாவனை விளையாட்டு: மிக நன்று.
மொழி விருத்தி: மிக நன்று.
குழுவாக இயங்குதல்:
அதில் பேனா நின்றுவிட்டது.
கைப்பைக்குள் மடித்து வைத்திருக்கிறேன் ஆயிரத்து எழுநூறு.
வேண்டியது இரண்டாயிரத்து நானூறு.
போன செவ்வாய் நான் குளியலறைக்குள் நின்றேன்,
குழாயைக்கூடத் திறக்காமல்.
வாசலில் என் மகள் இதே வசனத்தைச் சொன்னாள்,
இதே மாதிரிக் கை கட்டி.

"டீச்சரும் வாங்க, இடமிருக்கு."
போனேன். முழங்கால் வெளியே தெரிந்தது.
வாளி சரிந்து பார்த்தது, ஒன்றும் சொல்லவில்லை.
"இது வளை" என்றாள் யதுர்ணா என் காதுக்குள்.
பிறகு அவளே எழும்பி
சிரட்டையும் கையுமாய் வெளியே போனாள்.
"வெயிலுக்க வந்த நீங்க. சாப்பிடுங்க."

மோனிஷ்கா வாளியைக் கழற்றினாள்.
நெற்றியில் வட்டமாய்ச் சிவந்திருந்தது.
மணலில் சம்மணமிட்டு
இலை மீனின் முள்ளைக் கவனமாய் எடுத்து வைத்து
முழுதும் சாப்பிட்டாள். சிரட்டையைத் துடைத்து வைத்தாள்.
வாளியைத் திரும்பப் போட்டாள்.
"சரி. கிழமைக் காசு?"

பாய்க்குப் பின்னால் எல்லா முகமும்
என்னைப் பார்த்துத் திரும்பின.
"மறுகா டீச்சர்?"