பல் கிளினிக்கில் ஒரு கடல்

பரந்தன் சந்தி, பல் கிளினிக்.
காத்திருப்போருக்கு ஒரு கண்ணாடிக் கடல்.
முல்லைத்தீவிலிருந்து பஸ்ஸில்
இருபது லீற்றர் கான்களில் வந்த தண்ணீர்.

வந்தவர் எல்லாம் கேட்பது ஒன்றே:
"வடிவான மீன் ஒண்டு விடன், சுபோதினி."
பவளத்தைக் கொத்தித் தின்னும் வடிவு அது.
விடவில்லை.

முதலில் நத்தை, ஒன்பது.
கண்ணாடியில் படர்ந்த பச்சையை
இரவு முழுக்க வழித்தன.
பிறகு கடலட்டை ஒன்று.
பண்ணையில் விலைபோகாத குட்டை.
மண்ணை விழுங்கி
வெள்ளையாய்த் துப்புகிறது.

பிழைத்தது நண்டில்.
ஐந்து சங்குநண்டு
மா ரின்னில் கொண்டுவந்து தந்தார் அமலதாஸ்.
மூன்றாம் நாள் இரண்டு நத்தையைக் காணோம்;
அவற்றின் ஓடுகள் நடந்து திரிந்தன.

பசியில்லை அதுகளுக்கு.
வளர்ந்துவிட்டன. வீடு போதவில்லை.

ஞாயிறு கரைக்குப் போய்
வெறுஞ்சங்கு பொறுக்கினேன்,
ஒவ்வொன்றின் வாயையும் விரலால் அளந்து,
ஒரு நூல் கூடுதலாய்.
"தொட்டிக்குள்ளயும் வீட்டுத்திட்டமோ?" என்றார் டொக்டர்.

இன்றைக்கும் ஏழு நத்தை, ஐந்து நண்டு.
கன்னத்தைப் பொத்தியபடி ஒரு பெடியன்
கண்ணாடியில் மூக்கை அழுத்தி
"மீனே இல்லையே அக்கா" என்கிறான்.
கரண்ட் போகிறது.
பற்றரிப் பம்பைத் தேடுகிறேன்,
இருட்டில் அவை தின்னும் சத்தம் கேட்குமா என்று
அவனும் வலியை மறந்து
காது கொடுக்கிறான்.